கதைக்குள் பறவையை இறக்குவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதிய எழுத்தாளர்களுக்கு

புதிதாகச் சிறுகதை எழுத வருபவர்களின் கையெழுத்துப் படிகளை வாசித்தால் ஒரே பறவைக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது. கூண்டுக்கிளி, சிறகொடிந்த புறா, சோடியைப் பறிகொடுத்த அன்றில், மழையில் நனையும் பெயரில்லாத "ஒற்றைப் பறவை". கதாநாயகி அழும்போது அதுவும் அழுகிறது. காதலன் சாகும்போது அதுவும் பொத்தென்று விழுந்து சாகிறது. எழுதியவர் வாகரையில் இருந்தாலும் பொத்துவிலில் இருந்தாலும், பறவை மட்டும் கடைச் சுவரில் தொங்கும் கலண்டர் படத்திலிருந்து பறந்து வந்ததாகவே இருக்கிறது.

காதலையும் பிரிவையும் சொல்லப் பறவையைத் துணைக்கு அழைப்பதில் குற்றமில்லை. தமிழில் அது சங்ககாலம் தொட்டு நடக்கிற காரியம். ஆனால் வாவி, வயல், கடல், காடு நான்கும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கலண்டர் பறவையை எழுதுவது சோம்பல். இந்தக் கட்டுரை முதலாவது, இரண்டாவது கதை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கானது. படிகளை வரிசையாகச் செய்தால் நல்லது. அவசரக்காரர்கள் எதைத் தாண்டினாலும் மூன்றாவதைத் தாண்ட வேண்டாம்.

முதற்படி: பறவையே இல்லாமல் இழப்பை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கே வரிகள் போதும். யார், யாரை, எப்படி இழந்தார், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது. உவமை வேண்டாம், "மனம் கனத்தது" வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் அதையே கொண்டுபோகலாம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பெண். கணவன் கட்டாருக்குப் போய் மூன்று பெரும்போகம், அதாவது மூன்று மாரிகால நெற்செய்கை, கடந்துவிட்டது. முதலில் காசும் வந்தது, அழைப்பும் வந்தது. இப்போது காசு மட்டும் வருகிறது.

இவ்வளவுதான். இதில் யாரும் சாகவில்லை, யாரும் கைவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவளுக்கு இல்லாமற்போனது ஒரு குரல். இதை எழுதிய பிறகுதான் எந்தப் பறவை வேண்டும் என்ற கேள்விக்கே பொருள் வரும். குரல் நின்றுபோன கதைக்குச் சத்தம் போடும் பறவை ஒன்று தேவைப்படலாம். அல்லது குரலே இல்லாத ஒன்று. உடல் கிடைக்காத சாவு என்றால் தேவை வேறு. சொல்லாமலே கருகிய காதல் என்றால் வேறு. இந்த நான்கு வரிகளை எழுத முடியாதவர் பறவையைத் தேடிப் புறப்பட வேண்டாம். கதை இல்லாத இடத்தை மூடிமறைக்கத்தான் அந்தப் பறவை பயன்படும்.

இரண்டாம் படி: ஊரையும் மாதத்தையும் முடிவுசெய்யுங்கள்

பறவைகளுக்கு முகவரியும் நாட்காட்டியும் உண்டு. நம் பக்கத்தில் இதை ஓரளவு தெரிந்துகொள்வது கடினமில்லை.

செப்டெம்பர், ஒக்டோபரில் வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். பெரும்போகத்துக்கு விதைப்பதும் மாரி மழை தொடங்குவதும் அதை ஒட்டித்தான். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிந்து வட்டைகள், அதாவது வயல்வெளிகள், வெறுமையாகும். ஏப்ரல் அளவில் வலசை வந்தவை பெரும்பாலும் திரும்பிவிடும். பிறகு வரண்ட கச்சான் காற்று. குளங்கள் வற்ற வற்ற மீன் ஒரு மூலைக்கு ஒதுங்கும்; நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே குவியும். குமணைக் காட்டில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டுவது ஆண்டின் நடுப்பகுதியில். உகந்தை முருகன் கோயிலிலிருந்து அந்தக் காட்டினூடாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் போவதும் ஏறத்தாழ அதே காலம். பிள்ளையைத் தொலைத்துவிட்டு நேர்த்தியோடு நடக்கும் ஒரு தாயையும், மரம் நிறையக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் நாரைகளையும் ஒரே பக்கத்தில் வைக்க நீங்கள் எதையும் சோடிக்க வேண்டியதில்லை. ஆடி மாதமே அதைச் செய்து வைத்திருக்கிறது.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் மங்கல் வெளிச்சத்தில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு தனியாகத் திரியும். ஒக்டோபர் அளவில் வந்து ஏப்ரலுக்குள் போய்விடும். இங்கே கூடு கட்டாது. சோடி சேர்வதும் முட்டையிடுவதும் இந்தியாவில். நம் ஊர்க் கொல்லையில் அது பிழைப்புக்கு வந்த தனியாள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து வாடகை அறையில் கிடக்கும் ஒருவரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பறவை எனக்குத் தெரியாது. அதே குருவியை ஜூலை மாதக் கதையில் கூவவிட்டால் ஊரில் பறவை தெரிந்த ஒரே வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆண்டையும் கவனியுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு அடுத்த வாரம் நடக்கும் கதையில், காகம் தென்னையில் கூடு வைத்திருந்தது என்று எழுதினால், எந்தத் தென்னையில் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன் நடக்கும் கதையென்றால் உங்கள் ஆட்கள் பாதை என்று நாம் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டது. கொக்கைப் பார்க்க வைப்பதற்கு அதைவிட நல்ல சாட்டு உண்டா?

மூன்றாம் படி: போய்ப் பாருங்கள்

தொலைக்காட்டி தேவையில்லை. கொப்பி, பென்சில், தொப்பி போதும். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு. கல்லடிப் பழைய பாலம், உங்கள் ஊர் வாவிக்கரையின் கண்டல் ஓரம், அறுவடை முடிந்த வட்டை, உன்னிச்சைக் குளக்கட்டு, அம்பாறைப் பக்கமென்றால் இக்கினியாகலை, எதுவானாலும் சரி. இல்லாவிட்டால் வீட்டுக் குப்பைக்கிடங்கே போதும். காகத்தைப் போல நடிப்புக்காரப் பறவை வேறில்லை.

ஒரு பறவையை மட்டும் தெரிந்தெடுத்து அது செய்வதை மட்டும் எழுதுங்கள். வினைச்சொற்களே கொப்பியை நிரப்ப வேண்டும். நின்றது, கழுத்தை நீட்டியது, ஒரு காலை மடக்கியது, கொத்தியது, தவறவிட்டது, தலையை உதறியது. "ஏக்கத்துடன்", "சோகமாக", "தனிமையில்" என்ற சொற்கள் வந்தால் வெட்டுங்கள். அவை உங்களுடைய சரக்கு, கொக்கினுடையவை அல்ல.

வரம்போரத்தில் குருட்டுக்கொக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; பார்க்காமலும் கடந்து போயிருப்பீர்கள். சேற்றின் நிறம். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, நாலடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. காலடி மிகவும் நெருங்கினால்தான் எழும்பும். எழும்பிய அந்தக் கணத்தில் சிறகு இரண்டும் பளீரென்ற வெள்ளை. இவ்வளவு வெள்ளை இந்த மண்ணிறத்துக்குள் எங்கே இருந்தது என்று திகைப்பதற்குள் மூன்று வரம்பு தள்ளி இறங்கி, சிறகை மடக்கி, மறுபடியும் மண்ணாகிவிடும். பக்கத்தில் இருந்தவரை தெரியாமல், போகும்போது மட்டும் தெரிந்த ஒருவரைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் பறவை கிடைத்துவிட்டது. அதற்கு விளக்கவுரை எழுதாமல் இருப்பதுதான் இனி உங்கள் வேலை.

தூக்கணாங்குருவி இன்னொன்று. ஆண்குருவி நெல்லோலையையும் புல்லையும் கீறிக் கீறிக் கொண்டுவந்து பாதிக் கூட்டை முடையும். பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் மீதிக் கூடு எழும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக்கூடு அப்படியே காற்றில் தொங்கி நிறம் மாறும். பனையோலையில் தொங்குவனவற்றை எண்ணிப் பாருங்கள், எத்தனை அரைகுறை என்று. சீதன வீடு கட்டத் தொடங்கி, கதவும் ஜன்னலும் இல்லாமல் நின்றுபோன வீடுகள் நிறைந்த நம் ஊரில் இது தானாக வந்து பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை: பெண் கூட்டை ஏற்றுக்கொண்டதும் ஆண்குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி இன்னொருத்தியை அழைக்கும். ஏகபத்தினி விரதனுக்கு உவமையாக இதை எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வேண்டுமென்றே அந்தச் சிரிப்புக்காக எழுதினால் அது வேறு கதை, நல்ல கதை.

கூட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம். நீங்கள் போன தடத்தில் காகமும் கீரியும் வரும்.

நான்காம் படி: பறவை ஏற்கனவே சுமந்துவரும் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தப் பறவையும் வெறுங்கையோடு கதைக்குள் வராது. வாசகர் மனத்தில் அதற்கு ஒரு கணக்கு திறந்திருக்கும். அன்றில் என்றாலே ஒன்று பிரிந்தால் மற்றது உயிர் தரியாது என்பது நினைவுக்கு வரும். மகன்றில் சோடிக்கிடையே ஒரு பூ குறுக்கிட்டாலும் ஓராண்டு பிரிந்ததுபோல் இருக்குமாம், குறுந்தொகை சொல்கிறது. அழகுதான். ஆனால் இன்று வெல்லாவெளியில் ஒருவரை நிறுத்தி அன்றிலைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டார். பாத்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத பறவையை, எழுதுபவரின் படிப்பைக் காட்டுவதற்காகக் கொண்டுவர வேண்டாம். தமிழாசிரியர் ஒருவர் பாத்திரமாக இருந்து, அவர் வாயில் வந்தால் ஏற்கலாம்.

நம் மண்ணில் மிகக் கனமான சுமையுள்ள பறவை ஆக்காண்டி, அதாவது ஆட்காட்டிக் குருவி. எங்கே முட்டையிட்டாய் என்று அதைக் கேட்கும் நாட்டார் பாட்டு பலருக்குத் தாலாட்டோடு வந்தது. குஞ்சுகளுக்கு இரை தேடிப் போய்க் கண்ணியில் அகப்பட்ட தாயின் பாட்டு அது. பாண்டிருப்புக் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் அந்தப் பாட்டின் அடியிலிருந்து "ஆக்காண்டி" என்ற கவிதையை எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பறவையின் கத்தலுக்குள் ஊரின் துயரமும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஆக்காண்டியை எடுப்பவர் இரண்டு சுமையையும் தூக்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்து தூக்குங்கள்.

காகத்துக்கு வருவோம், நிற்க வேண்டிய இடம் இது. கணவனைப் பிரிந்திருக்கும் வீட்டின் முன் காகம் கரைந்தால் விருந்து வரும். குறுந்தொகையின் 210 ஆம் பாட்டில் அப்படிக் கரைந்த காகத்துக்குப் பலியாக நெய்யும் சோறும் பேசப்படுகிறது. இன்றும் முற்றத்தில் காகம் கத்தினால் யாரோ வரப்போகிறார்கள் என்கிறோம். அதே காகம்தான் சைவ வீட்டில் செத்தவர்களின் பேரால் சோறு உண்கிறது. சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டு, அது வராமல் மதிலிலேயே இருந்தால் வீட்டார் முகம் மாறுவதைக் கண்டிருப்பீர்கள். என்ன குறை வைத்தோம், அவருக்கு எதில் கோபம் என்று கிசுகிசுப்பார்கள். காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம் வீடொன்றில் இந்தச் சடங்கு கிடையாது. ஆனால் அங்கும் காகத்துக்கு ஒரு சாவுக்கதை இருக்கிறது. சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஆதமின் மகனுக்கு, மண்ணைத் தோண்டிக் காட்டி அடக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம் என்று குர்ஆன் சொல்கிறது. கல்முனையில் பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டிலும் ஒரே மாதத்தில் சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காகம் இந்த மதிலிலிருந்து அந்த மதிலுக்குத் தத்துகிறது. ஒரு வீட்டில் அது தகப்பன். மறு வீட்டில் அது புதைக்கக் கற்றுத்தந்தது. காகத்துக்கு இரண்டு வீட்டிலும் சோற்றுப்பருக்கைதான் குறி. இதை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்க வீடென்றால் சேவலை மறக்காதீர்கள். மும்முறை மறுதலித்த பேதுரு, சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். காதலை ஊரார் முன் மறுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவனுக்கு அதிகாலைச் சேவல் எப்படிக் கேட்கும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். கூவினால் போதும்.

கிளியையும் புறாவையும் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. காதல் கவிகளில் அவை பாடுபட்டுத் தேய்ந்துவிட்டன. புறாவைத்தான் வேண்டும் என்பவர் மணிப்புறாவின் கூட்டைப் பாருங்கள். நாலைந்து குச்சிகளைக் குறுக்கே போட்டதுதான் கூடு. கீழேயிருந்து பார்த்தால் முட்டையின் வெள்ளை தெரியும். இரண்டு முட்டையை இவ்வளவு அலட்சியமான ஏற்பாட்டில் நம்பி வைக்கும் அந்தத் துணிச்சல், சமாதானப் புறாவைவிட எழுதத் தக்கது.

கூகையும் ஆந்தையும் சாவை அறிவிக்கும் என்ற நம்பிக்கை தமிழ் வீடுகளில் உண்டு. அம்பாறையின் சிங்களக் கிராமங்களில் கேட்டால் காட்டில் அலறும் இராப்பறவையின் கதை சொல்வார்கள். மனைவிமேல் சந்தேகப்பட்ட ஒருவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறினான். அவள் சட்டியில் விரலைக் கண்டு காட்டுக்குள் ஓடி, பறவையாகி, இன்றும் அலறுகிறாள். இவ்வளவு கொடிய கதையை உங்கள் கதைக்குள் அலங்காரமாக வைக்க முடியாது. அது வந்தால் உங்கள் கதையை விழுங்கிவிடும்.

ஐந்தாம் படி: பறவை தன் பாட்டைப் பார்க்கட்டும்

இதுதான் நடு முடிச்சு. எப்படி அவிழ்ப்பது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் குறுந்தொகையின் 25 ஆம் பாட்டு, கபிலருடையது. அவன் என்னை மணந்தபோது அங்கே யாரும் இல்லை என்கிறாள் ஒருத்தி. அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் சொல் மாறினால் நான் என்ன செய்வேன்? பிறகு நினைவுகூர்கிறாள்: ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால். ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது.

அவளுடைய வாழ்க்கைக்கு ஒரே சாட்சி, சாட்சி சொல்ல முடியாதது. அதுவும் போகட்டும், அது அவளைப் பார்க்கவே இல்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருகு அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் அந்தப் பாட்டு எப்போதோ செத்திருக்கும்.

இப்போது நம் படுவான்கரைப் பெண்ணிடம் போவோம். முதல் வரைவில் பலரும் இப்படி எழுதுவார்கள்:

"கணவனின் அழைப்பு வராத சோகத்தில் அவள் வயலைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆக்காண்டி தன் சோடியைப் பிரிந்து, அவளைப் போலவே கதறிக்கொண்டிருந்தது."

"அவளைப் போலவே" என்ற இரண்டு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. வாசகருக்கு வேலையில்லை, பறவைக்கும் வேலையில்லை. ஆக்காண்டி சோடியைப் பிரிந்து கதறுவதில்லை. முட்டைக்கோ குஞ்சுக்கோ பக்கத்தில் யாரோ வருகிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அப்படிக் கத்தும். வெறுந்தரையில் சிறு குழி, சுற்றிவரக் கல்லும் கட்டியும், அதில் வழக்கமாக நான்கு முட்டை. வெயில் கடுமையானால் நீரில் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் அமரும். ஆள் நெருங்கினால் தலைக்கு மேல் பாய்ந்து கத்தும், வேறு இடத்தில் இறங்கி ஆளைத் திசைமாற்றப் பார்க்கும். இந்த வேலைகளை அதற்குக் கொடுத்தால்:

"உழவு இயந்திரக்காரன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் வரம்பில் தேநீர்ப் போத்தலோடு நின்றாள். ஆக்காண்டி தலைக்கு மேல் இரண்டு தரம் சுற்றிக் கத்திவிட்டு, தள்ளிப் போய் இறங்கி, ஒன்றும் நடவாததுபோல நடந்தது. அது நடந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் தேடினாள். கட்டிகளுக்கிடையே நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்தில்.

இயந்திரம் இறங்கியபோது, 'அந்த மூலையை விட்டுவிட்டு உழுங்கள் தம்பி' என்றாள்.

'எவ்வளவு விட வேண்டும் அக்கா?'

'ஒரு பாய் அளவு.'

இரவு, வங்கியில் காசு விழுந்த செய்தி தொலைபேசியில் வந்தது. வாசித்துவிட்டு விளக்கை அணைத்தாள். வட்டைப் பக்கம் ஆக்காண்டி கத்தியது. யாரோ வரம்பால் வருகிறார்கள்."

இங்கே ஆக்காண்டி முட்டையைக் காப்பதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அவள் ஒரு பாய் அளவு நிலத்தை உழாமல் விடச் சொல்கிறாள். ஏன் பாய் என்று கேட்கத் தோன்றும் வாசகர் கேட்டுக்கொள்வார். இரவில் கேட்கும் கத்தல் யாருக்காக என்று அவளுக்கும் தெரியாது. கணவன் என்ற சொல்லே இல்லை. மாதம் சரி, அறுவடைக்கும் சிறுபோக உழவுக்கும் இடைப்பட்ட வெற்று வயல் ஆக்காண்டிக்கு வேண்டிய தரை.

ஆகவே வரைவை எடுத்து, பறவை வரும் வரிகளில் "போல", "போலவே", "அன்ன", "உணர்த்தியது", "நினைவூட்டியது" என்பவற்றைச் சிவப்பு மையால் சுற்றுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும், முன்னைவிட நேராக.

ஆறாம் படி: எத்தனை தடவை வரலாம், முடிவில் என்ன செய்யலாம்

பத்துப் பக்கக் கதையில் இரண்டு தடவை போதும், மூன்று என்றால் மிகுதி. முதல் தடவை அது காட்சியின் ஒரு பகுதியாகக் கவனிப்பாரின்றி வந்து போகட்டும். கதைமாந்தர் அதை வைத்து ஏதோ ஒரு சில்லறைக் காரியம் செய்வது நல்லது: கலைப்பது, திட்டுவது, சோறு போடுவது. இரண்டாவது தடவை வரும்போது இழப்பு நடந்திருக்கும், பறவையோ அதேதான் செய்துகொண்டிருக்கும். அது மாறாமல் இருப்பதே மாறிப்போன மனிதரைக் காட்டிக் கொடுக்கும்.

முடிவில் பறவையைக் கொல்லாதீர்கள். கூண்டைத் திறந்து பறக்கவும் விடாதீர்கள். இரண்டையும் எல்லாரும் செய்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 பற்றி எழுதுபவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கல்லடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும் கதையில் கடற்கரையில் சிறகொடிந்து கிடக்கும் பறவையைக் காட்டிப் பிள்ளைகளை நினைவூட்டுவது பண்பாடில்லாத செயல்.

ஏழாம் படி: பிழை பாருங்கள்

ஓங்கிக் கூவும் குயில் ஆண். கறுப்பாக இருப்பதும் அதுவே. பெண்குயில் தவிட்டு நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். "காதலனை அழைத்துக் கூவும் கரிய பெண்குயில்" என்ற சொற்றொடரில் இரண்டு பிழை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் குயில்தான். தாய்மைக்கு உருவகமாக எழுதுமுன் யோசிக்கவும். தாயைப் பிரிந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளையின் கதையென்றால் தாராளமாக யோசிக்கலாம்.

நாரை பாடாது. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லையென்றே சொல்லலாம். கூட்டில் சோடி சந்திக்கும்போது அலகைத் தட்டி ஒலியெழுப்பும். குரல் நின்ற நம் பெண்ணின் கதைக்கு இதுவும் ஒரு வழி.

தோகை விரிப்பது ஆண்மயில், அடைகாப்பது பெண் மட்டும். தவிர, நம் பக்கத்து வேளாண்மைக்காரருக்கு மயில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அழகில்லை, நட்டம். வயல் நிறைய வைத்திருக்கும் போடியார் வீட்டுப் பெண் மயிலைக் கண்டு மகிழ்ந்தாள் என்று எழுதினால், காவலுக்கு நின்றவன் என்ன சொன்னான் என்பதையும் எழுதுங்கள்.

உண்ணிக்கொக்கு எப்போதும் வெள்ளை என்று எண்ண வேண்டாம். சோடி சேரும் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் பொன்னிறமாகும். எருமைக்குப் பின்னாலும் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலும் புழு பொறுக்கும் பறவை காதல் வந்ததும் இப்படி அலங்கரித்துக்கொள்வதை நம் கதைகளில் நான் இன்னும் காணவில்லை.

இருவாச்சி காட்டுப் பறவை, அம்பாறைப் பக்கத்து வரண்ட காட்டில் உண்டு, நகரத்து மாமரத்தில் வேண்டாம். பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு மட்டும் மிஞ்சும். அந்தப் பிளவால் ஆண் வாரக்கணக்கில் பழம் ஊட்டும். ஒரு நாள் ஆண் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர் தாமாகவே நினைப்பார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் இதை எழுதுபவர் மிகக் குறைவாகச் சொன்னால் போதும்.

எட்டாம் படி: வாசித்துக் காட்டுங்கள்

இலக்கிய நண்பரிடம் பிறகு போகலாம். முதலில் வயலில் காவல் இருந்தவர், வாவியில் வலை வீசுபவர், காடேறித் தேன் எடுத்தவர் என்று ஒருவரைப் பிடித்து, பறவை வரும் பகுதியை மட்டும் வாசியுங்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். "இந்தக் குருவி இப்படிச் செய்யுமா, ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். செய்யாது என்றால் என்ன செய்யும் என்று சொல்லத் தொடங்குவார். கொப்பியை அப்போது திறந்து வைத்திருங்கள். தோணிக்காரர் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைச் சொல்ல வந்து, நடுவில் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிறகு அதை எழுதலாமா என்று அவரிடமே அனுமதி கேளுங்கள்.